டிரிங்கோமலி, 1:64 – வரைபட வேலை எதுவரை வந்திருக்கிறது

மாதிரிக் கப்பல் செய்யும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த ஆண்டுக் கப்பலைச் செய்கிறோம் என்பது. திருகோணமலையின் பெயர் தாங்கிய இந்தப் போர்க்கப்பலை ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா பம்பாயில் தேக்கில் கட்டினார். 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. 1845இல் சதுர அமரத்தை (பின்பகுதியை) நீள்வட்டமாக்கி, 26 பீரங்கிக் கொர்வெட்டாக (சிறிய போர்க்கப்பல் வகை) மாற்றிவிட்டார்கள். ஹார்ட்டில்பூலில் இன்று நிற்கும் கப்பலின் புகைப்படங்களைப் பார்த்து 1817ஐச் செய்ய முடியாது. இங்கே எடுத்திருப்பது 1817.

மூல வரைபடங்களுக்கு கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் கப்பல் பெயரை மட்டும் தேடினால் போதாது. இது லீடா வகை. 1782இல் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் ஹெபேயின் வடிவம். ஒரே வரைபடத் தாள் பல கப்பல்களுக்குப் பொது என்பதால் வகையின் பெயரிலும் தேட வேண்டும். பம்பாய்க்கு முதலில் அனுப்பிய படங்கள் ஜாவா கப்பலோடு 1812 டிசம்பரில் அழிந்துபோயின. கட்டியது மறுபிரதியை வைத்து. ஆகவே கிரீனிச் தாள் காட்டுவது திட்டத்தைத்தான். கட்டி முடித்த அளவுகளுக்கு கியூ தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏடிஎம் 180 பதிவேடுகளைப் பார்க்கலாம். பீரங்கித் தளத்தின் நீளம் திட்டத்தில் 150 அடி 1½ அங்குலம், கட்டியபின் 150 அடி 4½ அங்குலம். 1:64இல் வித்தியாசம் 1.2 மி.மீ. இதற்காகக் கோடுகளை இழுப்பது வீண் வேலை. திட்ட நீளம் 715 மி.மீ. என்றே வைத்தாயிற்று.

தாள்கள் 1:48. பழைய தாள் இரு திசையிலும் ஒரே மாதிரி சுருங்காது. இங்கேதான் பல மாதிரிகள் கோணுகின்றன. தாளிலுள்ள அளவுகோல் கிடையாக இருப்பதால் கிடைத்திசையை மட்டுமே திருத்தும். செங்குத்துக்கு ஒரு வழி உண்டு. நடுச்சட்டத்தின் (கப்பலின் மிக அகலமான விலாச்சட்டம்) பாதி அகலம் குறுக்குவெட்டுப் படத்தில் கிடையாகவும், பாதி அகலப் படத்தில் (மேலிருந்து பார்க்கும் படம்) செங்குத்தாகவும் விழுகிறது. கிடையைச் சரிசெய்தபின் இரண்டையும் அளக்க வேண்டும். முதலதில் 125.1, இரண்டாவதில் 124.2 மி.மீ. என்று வந்தால், செங்குத்தை மட்டும் 1.0072 மடங்கு நீட்ட வேண்டும். மசிக்கோட்டின் ஓரத்தை அல்ல, நடுவைப் பிடித்து அளக்கவும்: 0.4 மி.மீ. கோடு என்றால் நிஜக் கப்பலில் முக்கால் அங்குலம்.

அந்த 125 மி.மீ.க்குக் கணக்கு இது: திட்ட அகலம் 39 அடி 11 அங்குலம் பலகையின் வெளிப்புறம் வரை, படத்தின் கோடுகளோ விலாச்சட்டத்தின் வெளி விளிம்பு. பக்கத்துக்கு 3 அங்குலப் பலகையைக் கழித்தால் 39 அடி 5 அங்குலம், பாதி 19 அடி 8½, 1:48இல் 125 மி.மீ. இதைக் கழிக்காமல் ஒப்பிட்டால் தாளே தப்பு என்று தோன்றும்.

குறுக்குவெட்டில் வலப்பக்கம் அணியம் (முன்பகுதி), இடப்பக்கம் அமரம். நடுச்சட்டத்துக்கு முன்னே எழுத்துகள், பின்னே எண்கள். எல்லாச் சட்டங்களும் அதில் வரையப்பட்டிருக்காது. இடைப்பட்டவற்றைப் பாதி அகலப் படத்தின் நீர்க்கோடுகளிலிருந்து (உடலின் கிடைமட்ட வெட்டுக் கோடுகள்) எடுத்து, வளையும் குச்சியை வைத்து நெளிவு பார்க்க வேண்டும். அணியத்தில் குச்சி ஒரு புள்ளியில் எழும்பினால் பெரும்பாலும் அந்தப் புள்ளிதான் தவறாக வாசிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது, பலகைகளைத் தாங்கும் குறுக்குத் தட்டிகள், 3 மி.மீ. பிளைவுட்டில். முதல் அடுக்கு 1.5, மேல் அடுக்கு 0.6 மி.மீ. என்பதால் பலகை மொத்தம் 2.1, அளவுப்படி வேண்டியது 1.2 தான். தட்டிகளைச் சுற்றிலும் 0.9 மி.மீ. உள்ளே வாங்கி அறுக்க வேண்டும்.