விரலளவுக் குழல்

ராயபுரத்தில் எங்கள் தெருவில், பக்கத்து வீட்டிலிருந்து குழம்போ பாயசமோ வந்த பாத்திரத்தை வெறுமனே கழுவித் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குக் கைம்மாறு செய்ய வழியில்லாத உதவி எத்தனை சங்கடமானது என்பதை, 2019 பிப்ரவரியில் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கூடாரமடித்துத் தங்கியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

நானும் மனைவியும் பத்து வயது மகனும் தங்கிய இடம், 3724 மீட்டர் உயரமுள்ள அவோராக்கி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம். கூடாரம் நண்பரிடம் வாங்கிய இரவல். அந்நாட்டு விமான நிலையத்தில் மண்ணும் விதையும் ஒட்டியிருக்கிறதா என்று கூடாரத்தையும் காலணியையும் சோதிப்பார்கள் என்பதால், ஏலகிரி மண் ஒரு துளிகூட இருக்கக் கூடாதென்று மனைவி அதை மொட்டைமாடியில் போட்டு இரண்டு நாள் தேய்த்துக் கழுவிக் காயவைத்திருந்தாள். சோதனையில் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் அதன் அலுமினியக் கழிகளை அங்கே யாரும் பார்க்கவில்லை; புறப்படுமுன் நானும் பார்க்கவில்லை.

எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால், வழியில் ட்வைசல் என்ற சிற்றூரில் ஒன்று வாங்கினோம். எங்கள் அடுப்புக்கு வேண்டியது படுக்கவைத்துப் பொருத்தும் நீளக் குப்பி. நான் வாங்கியதோ திருகிப் பூட்டும் குட்டைக் குப்பி. தவறு முழுக்க என்னுடையது. முகாமில் அடுப்பை எடுத்தபோதுதான் அது தெரிந்தது. திரும்பிப் போக அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

அன்று மாலை வடமேற்குக் காற்று எழுந்தது. டாஸ்மன் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து, மேற்குச் சரிவில் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே பாய்ந்திறங்கும் காற்று அது. காசிமேட்டில் வலை பின்னிய என் அப்பா கற்றுக்கொடுத்த முடிச்சுகளைத்தான் இழுகயிறுகளில் போட்டிருந்தேன், அவற்றில் ஒன்றுகூட நழுவவில்லை என்பதை இப்போதும் பெருமையாகச் சொல்வேன். முறிந்தது நடுக்கழி. முறிந்த முனை துணியைக் கிழித்து வெளியே வந்தது, கூடாரம் மகனின் தலைமேல் சரிந்தது.

யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை. எதிர்ச் சிறு கூடாரத்திலிருந்து ஓர் இளைஞர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் அலுமினியக் குழல் இருந்தது. முறிவின் பிசிறுகளைக் கத்தி முதுகால் தட்டிச் சமன்செய்து, குழலைக் கழியில் கோத்து முறிவின்மேல் நகர்த்தி, இரு முனைகளையும் பசைநாடாவால் இறுக்கச் சுற்றினார். கிழிசலுக்கும் அதே நாடாதான். பத்து நிமிடத்தில் கூடாரம் மீண்டும் நின்றுவிட்டது. அவரிடம் வேறு குழல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்துச் சிரித்தார். தனியே மலையேற வந்தவர், தன்னிடமிருந்த ஒரே குழலை எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்! பணத்தை நீட்டினேன், என் கை நீண்ட விதமே அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அதற்குள் கேம்பர் வேனில் இருந்த முதிய தம்பதி தங்கள் அடுப்பையே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வேண்டாமென்று நான் மரியாதைக்கு இழுத்ததைப் பார்த்து மனைவி, "குழந்தை பசியோட இருக்கான், பேசாம வாங்கிக்கோங்க" என்று அதட்டினாள். போகும்போது அந்த அம்மையார் எங்கள் ரப்பர் செருப்புகளை உள்ளே வைக்கச் சொன்னார். அங்குள்ள கியா என்ற மலைக்கிளிக்கு ரப்பரென்றால் உயிராம். நான் அசட்டையாக ஒரு ஜோடியை வெளியே விட்டேன். காலையில் அதில் ஒன்றின் வார் இல்லை.

விடிந்ததும் பாக்கெட் ரசப்பொடியைக் கொதிக்கவைத்து, தம்பதியிடம் அடுப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு குவளை ரசமும் கொடுத்தோம். முதியவர் கண்ணில் நீர் வரக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார். மூன்றாவது குவளையை எடுத்துக்கொண்டு இளைஞரிடம் போனேன். அவருடைய கூடாரம் இருந்த இடத்தில் புல் மட்டும் படிந்து கிடந்தது, விடியுமுன்பே புறப்பட்டுவிட்டார். அந்த ரசத்தை நானே குடித்தேன்.

ஊர் திரும்பியதும் நண்பருக்குப் புதுக் கழி வாங்கிக் கொடுத்தேன். பழையது குழலோடும் நாடாவோடும் எங்கள் பரணில் இருக்கிறது. அதைப் பரணில் வைக்கும்போது பக்கத்தில் நின்ற அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளைக்கு நீ என்னடா குடுத்தே?" என்றார். பெயரைக்கூடக் கேட்கவில்லை என்றேன். அவர் குழலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தூசி படாம துணியில சுத்தி வை" என்று சொல்லி அடுக்களைக்குப் போனார்.