கேஜன் நடனம்: பத்து வாரத்தில் கால் கற்றுக்கொண்டது

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லஃபாயெட் நகருக்கு வேலைக்காக வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன அக்டோபரில் ஜிரார்ட் பூங்காவில் அகாடியன், கிரியோல் இசை விழா நடந்தபோது, மேடைக்கு முன்னால் வயதான ஒரு தம்பதி வால்ட்ஸ் ஆடியதைப் பார்த்தேன். தோள் அசையவில்லை, தலை மேலும் கீழும் போகவில்லை, அமைதியான ஆற்றில் ஓடம் போகிற மாதிரி கூட்டத்துக்கு நடுவே போய்க்கொண்டே இருந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க அதுதான் கண்ணுக்குள் நின்றது. ஜனவரியில் கேஜன் நடன வகுப்பில் சேர்ந்துவிட்டேன், இந்தப் பக்கத்துக் கேஜன் மக்கள் ஜோடியாக ஆடும் ஆட்டம் அது. வாரம் ஒரு மணி நேரம், இப்போது பத்து வாரம் முடிந்திருக்கிறது.

முதல் நாள் ஜோடியே கிடையாது. பாட்டைப் போட்டுவிட்டு, இதற்கு நடங்கள் என்றார்கள், அவ்வளவுதான். வால்ட்ஸ் மூன்று எண்ணிக்கை, நம் கணக்கில் தகிட, தகிட. ஓர் எழுத்துக்கு ஓர் அடி. மூன்று ஒற்றைப்படை என்பதால் முதல் தகிட வலது காலில் தொடங்கினால் அடுத்தது இடது காலில் தொடங்கும். வாய் இதைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறது, கால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. நான் மூன்றாவது எழுத்தில் காலைச் சேர்த்து வைத்துவிட்டு அதன்மேல் எடையைப் போடாமலே நின்றேன், அப்புறம் அதே கால் மறுபடியும் கிளம்பும், எதிரே வருகிறவரின் முழங்காலில் போய் இடிக்கும். இரண்டு வாரம் இதே கதை.

ஜோடியில் நான் பின்தொடர்கிறவள், அதனால் பெரும்பாலும் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். கூடம் முழுக்க எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறார்கள், எனக்கு முதுகுதான் முன்னால் போகிறது. பயத்தில் குட்டி குட்டி அடியாக வைத்தேன். பிறகு புரிந்தது, இடுப்பிலிருந்து காலைப் பின்னால் நீட்டி முதலில் விரல் நுனி தரையைத் தொட வேண்டும், உடம்பு வந்து சேர்ந்த பிறகுதான் குதிகால் இறங்க வேண்டும், முழங்கால் எப்போதும் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இதைச் செய்தால் தலை தானாகவே ஒரே மட்டத்தில் நிற்கிறது.

டூ ஸ்டெப் நான்கு எண்ணிக்கை, தகதிமி. வலது பக்கம் ஓர் அடி, இடதைச் சேர்த்து, மறுபடி வலது, நான்காவதில் இடது காலைச் சும்மா தொட்டு வைப்பது. அடுத்த தகதிமி அப்படியே இடது பக்கம். சிக்கல் எல்லாம் அந்த ‘மி’யில்தான் இருக்கிறது. தொடுகிற காலில் எடை போய்விட்டால் அடுத்த அடிக்குக் கால் இருக்காது. தினமும் ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறையிலேயே பத்து நிமிடம் ஆடிப் பார்ப்பேன். நடுவில் சட்டென்று நின்று, தொட்ட காலைத் தூக்கிப் பார்ப்பேன், உடம்பு அசையாமல் கால் மட்டும் மேலே வந்தால் சரி, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் தப்பு. எனக்கு இதைவிட உதவிய பயிற்சி வேறில்லை.

தாளம் பிடிக்க அக்கார்டியனைக் கேட்கக் கூடாது என்பது நான்காம் வாரம் தெரிந்தது. பத்துப் பொத்தான் உள்ள சின்னப் பெட்டி அது, மவுத் ஆர்கன் மாதிரி அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். கேட்க அவ்வளவு அழகு, ஆனால் அதன் பின்னால் போனால் கால் வழி தவறிவிடும். பாண்டில் ஒருவர் இரும்பு முக்கோணம் ஒன்றைத் தட்டிக்கொண்டிருப்பார். ‘சின்ன இரும்பு’ என்றுதான் பிரெஞ்சில் அதற்குப் பேர், அந்தக் காலத்தில் வைக்கோல் வாரும் கருவியின் பழைய பற்களை வளைத்துச் செய்வார்களாம். அந்த டிங் டிங்கில் காதை வைத்த பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ரப்பர் அடி வைத்த ஷூவோடு போகாதீர்கள். திரும்பும்போது ஷூ தரையைக் கவ்வும், முழங்கால் மட்டும் திரும்பும், எனக்கு ஒரு வாரம் வலித்தது. இப்போது தோல் அடி வைத்த பழைய ஷூ.

ஜிட்டர்பக் ஏழாம் வாரம் தொடங்கினார்கள். நொண்டுகிற மாதிரி ஒரு நடை, கையை விடாமலே வரிசையாகச் சுற்றுகள். அது இன்னும் எனக்கு வரவில்லை, நடை மட்டும் வருகிறது.

எட்டாம் வாரம்தான் முதல்முறையாக ஆட்டக்கூடத்துக்குப் போனேன். இப்படிக் கூடி ஆடுவதற்கு ‘ஃபே தோ தோ’ என்று பேர் உண்டு, குழந்தையைத் தூங்கச் சொல்லும் வார்த்தை. பிள்ளைகளைப் பக்கத்து அறையில் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் ஆடுவார்கள் என்பதால் வந்த பேர் என்கிறார்கள். நம் ஆராரோவே ஒரு ஆட்டத்துக்குப் பேராகிவிட்ட மாதிரி. 1755இல் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டியடித்த, பிரெஞ்சு பேசிய அகாடியன் மக்களின் வழிவந்தவர்கள்தான் இந்தக் கேஜன் மக்கள். 1921இல் மாநில அரசியல் சட்டமே பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம்தான் என்று ஆக்கிவிட்டது, பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்திருக்கிறது. பாட்டுகளில் அந்த மொழி தங்கி நின்றது. வார்த்தை புரியாமலே அந்தப் பாட்டுக்கு ஆடும்போது தொண்டை அடைத்துக்கொண்டது எனக்கு.

ஒரு பெரியவர் வந்து கையை நீட்டி, “வா, ஷா” என்றார். ‘ஷா’ என்றால் இங்கே கண்ணே, செல்லமே மாதிரி, வயதானவர்கள் யாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வலது உள்ளங்கை என் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே லேசாக இருந்தது. தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. திரும்பும் முன்னால் அவர் மார்பு ஒரு இம்மி திரும்பும், அதற்குள் என் கால் போயிருக்கும். நடுவில் ஒரு முறை நான் அவசரப்பட்டு முன்கூட்டியே திரும்பிவிட்டேன். அவர் அந்த ஒரு தகிடவுக்கு அப்படியே நின்று, என் எடை முழுக்க ஒரு காலில் இறங்கும் வரை காத்திருந்து, அப்புறம் கிளம்பினார். நான் எந்தக் காலில் நிற்கிறேன் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், பின்தொடர்கிறவளின் வேலையே அதுதான். எட்டு வாரமாக வகுப்பில் சொன்னது அந்த நிமிடம்தான் உடம்புக்குள் இறங்கியது.

வரும் சனிக்கிழமை மாமூ ஊருக்குப் போகிறேன். அங்கே ஃப்ரெட்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடத்தில் காலையிலேயே பாண்டு தொடங்கிவிடும். ஷூவை இப்போதே காரில் வைத்துவிட்டேன்.