லாபம், ரெண்டு, மூணு

நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் சாப்பாட்டு அறையில் பூமியின் ஈர்ப்பு கூடிவிட்டது. 9.8 வரவேண்டிய இடத்தில் 12.1. பெரியவள் மூன்று தடவை கணக்குப் போட்டாள், மூன்று தடவையும் அதே 12.1. நெப்டியூனிலேயே 11 சொச்சம்தான். ஆச்சி அன்றைக்குச் சுட்ட முறுக்கின் கனம்தான் காரணம் என்றான் சின்னவன். அவன் ஏழாம் வகுப்பு, ஜோக் அடிக்க இன்னும் நேரம் கிடைக்கிறது.

மேக்னட் என்பது இங்கே அமெரிக்காவில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற சிறப்புப் படிப்பு. பத்தாம் வகுப்பு மேக்னட் பிள்ளைக்கு ராத்திரி பதினோரு மணி என்பது சாயங்காலம் மாதிரி. 11.59க்கு ஃபிசிக்ஸ் லேப் ரிப்போர்ட் கேன்வாஸில், அதாவது பள்ளி வீட்டுப்பாடம் வாங்குகிற இணையதளத்தில், ஏற வேண்டும். ஊசலை ஆட்டி ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது சோதனை. வகுப்பில் 45 நிமிடம் பற்றாது என்று வீட்டிலேயே செய்துவரச் சொல்லிவிட்டார்கள். செய்முறை சுலபம்தான். விளக்குக் கொக்கியில் ஒரு நூல், நுனியில் நாலு வாஷர். 25, 40, 55, 70, 85, 100 சென்டிமீட்டர் என்று ஆறு நீளம். ஒவ்வொரு நீளத்துக்கும் பத்து ஆட்டத்தை ஸ்டாப்வாட்சில் பிடிக்க வேண்டும், அதையும் ஐந்து முறை. மொத்தம் முப்பது அளவு. நேரத்தைப் பத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்துக்கு எதிரே புள்ளி வைத்தால் நேர்கோடு வரும். கோட்டின் சாய்வு 4.03 பக்கம் வந்தால் பூமியில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

கெட்டுப்போக நாலைந்து இடம் உண்டு. நைலான் நூல் எடுத்தால் கனத்துக்கு நீண்டுகொடுக்கும், பருத்தி நூல் நல்லது. நீளத்தை வாஷரின் மேல் விளிம்புவரை அளந்து நிறுத்துகிறவர்கள் அதிகம், நடுமையம்வரை அளக்க வேண்டும். இழுத்து விடுகிற கோணம் பத்துப் பதினைந்து டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் சூத்திரம் ஒத்துவராது. விடும்போது கை கொஞ்சம் திரும்பினாலும் ஊசல் செக்குமாடு மாதிரி வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரே ஆட்டத்தை அளந்தால் பொத்தான் அமுக்கத் தாமதிக்கிற கால் செகண்ட் பெரிய தப்பாகிவிடும், அதற்காகத்தான் பத்து. இதெல்லாம் பெரியவளுக்கு அத்துப்படி. கொக்கிக்கு நேர் கீழே கண்மட்டத்தில் ஒரு பென்சிலை டேப் போட்டு ஒட்டி, அதைத் தாண்டும்போது எண்ணுகிற ஏற்பாடு வேறு. இவ்வளவு ஜாக்கிரதைக்கும் பிறகு 12.1.

சனிக்கிழமை அளவெடுத்தபோது அவள் ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், மறுகையில் ஹிஸ்டரி நோட்ஸ். ஊசல் ஆடுகிற நேரத்துக்குள் ஆட்டோமன் பேரரசில் ஒரு பாரா முடிக்கலாம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஆட்டத்தை வாய்விட்டு எண்ணுகிற பொறுப்பு ஆச்சிக்கு. ஆச்சி பத்து என்றதும் இவள் அமுக்குவாள். கிராஃபைத் திங்கள் ராத்திரிதான் போட்டாள். ஞாயிறு என்று ஒரு நாள் நடுவில் வந்ததே, அது எங்கே போனது என்றால், தமிழ்ப் பள்ளிக்குப் பத்து குறள் மனப்பாடம், மதியம் லைப்ரரியில் தன்னார்வ வேலை. பள்ளி முடிப்பதற்குள் 75 மணி நேரம் பொதுச்சேவை செய்திருக்க வேண்டும் என்பது மேரிலாந்து சட்டம். அவளுக்கு இன்னும் 31 மணி நேரம் பாக்கி.

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும். ஏழு பாடம். ஏழு ஆசிரியர்களும் நல்லவர்கள், "ஜஸ்ட் அரை மணி நேரம்தான்" என்று சத்தியம் பண்ணுகிறவர்கள். ஒருத்தர் கொடுப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது. ஏழு தடவை அரை, ஆக மூன்றரை மணி நேரம். தமிழில் ஏழு, அரை இரண்டையும் சேர்த்து எழுதினால் என்ன வரும் என்பதை ஆச்சி முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்கு ஃபோன் போட்டு, பிள்ளைக்கு ஏழரை நடக்கிறது, சனிக்கிழமை ஒரு எள் தீபம் போடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

இந்த மூன்றரையும் எல்லாம் ஒழுங்காகப் போனால்தான். கால்குலஸ் பன்னிரண்டு கணக்கு என்று போட்டிருக்கும், உள்ளே போனால் ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று வால் தொங்கும். இங்கிலீஷ் முப்பது பக்கம் படிப்பது அரை மணி, ஓரத்தில் குறிப்பு எழுதுவது இன்னொரு அரை மணி. கம்ப்யூட்டர் புரோகிராம் ஓடினால் இருபது நிமிடம், ஓடாவிட்டால் விடிகிறவரை. அமெரிக்காவில் வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று ஒரு வழக்கம் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்து ஹாரிஸ் கூப்பர் எழுதி எழுதிப் பரவிய கணக்கு, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள்கூட ஒத்துக்கொண்டது. பத்தாம் வகுப்புக்கு 100 நிமிடம். ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லை! கலிஃபோர்னியாவில் பேர்பெற்ற பத்துப் பள்ளிகளில் 4,317 பிள்ளைகளைக் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வில் சராசரி மூன்று மணி நேரத்துக்கு மேலே போனது. இவளிடம் அதைக் காட்டினால், "மூணுதானா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

பஸ் காலை 6.25. மேக்னட் பஸ் வீட்டு வாசலுக்கு வராது, நாலு பேட்டைக்குப் பொதுவாக ஒரு நிறுத்தம், அங்கே கொண்டுபோய் விட வேண்டும். பள்ளி 7.45க்கு. டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு 8.30க்கு முன்னால் பள்ளி தொடங்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர் சங்கம் 2014-லேயே சொன்னது, எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பதும் எழுதி வைத்ததுதான். 5.40க்கு எழ வேண்டிய பிள்ளை அந்த எட்டு மணி நேரத்துக்கு 9.40க்குப் படுக்க வேண்டும். 9.40க்குத்தான் இந்த வீட்டில் மூன்றாவது பாடம் திறக்கும்.

மேக்னட் என்றால் காந்தம் என்று சொல்லிக்கொடுத்ததிலிருந்து ஆச்சி வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எங்க பேத்தி காந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கா" என்கிறார்கள். அது உண்மையிலேயே காந்தம்தான். கறுப்பர், வெள்ளையர் என்று பிரிந்துகிடந்த பள்ளிகளுக்கு எல்லாப் பேட்டையிலிருந்தும் பிள்ளைகளை இழுக்கத்தான் இந்த ஏற்பாடே வந்தது. வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் 1968-இல் முதல் பள்ளி. எங்கள் மாண்ட்கமரி கவுண்டியில் பிளேர் உயர்நிலைப் பள்ளி மேக்னட் 1985-இல். இன்றைக்கு அந்தக் காந்தத்தில் முதலில் போய் ஒட்டுவது நாம்தான். மூன்றாம் வகுப்பிலேயே பரீட்சைப் பயிற்சி, மாதிரித் தாள். இடம் கிடைத்ததும் கோவிலில் அபிஷேகம். அடுத்த அக்டோபரில் அதே கோவில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது, "ஹோம்வொர்க் ரொம்ப ஜாஸ்திங்க, பிள்ளை தூங்குறதே இல்ல." வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விடலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. யார் போகிறார்கள்? போனால் தோசை வரிசையில் என்ன பேசுவது?

சரி, 12.1. கோடு பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஆறு புள்ளியும் கோட்டின் மேலேயே, தொடக்கப் புள்ளி வழியாகவே போகிறது. சாய்வு மட்டும் 4.03க்குப் பதில் 3.26. புள்ளிகள் சிதறினால் அளந்ததில் தப்பு என்று தெரியும். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தப்பினால் கோடு அழகாக வந்து ஏமாற்றும். மூன்றாவது நீளம் முடிந்ததுமே தோராயமாக ஒரு கிராஃப் போட்டிருந்தால் சனிக்கிழமையே பிடித்திருக்கலாம். லேப் வேலையில் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அளவு ஒரு நாள், கிராஃப் இன்னொரு நாள்.

11.20க்கு ஆச்சியை எழுப்ப வேண்டியதில்லை, விழித்துத்தான் இருந்தார்கள். பிள்ளை படிக்கையில் வீட்டில் ஒருத்தராவது முழித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

"ஆச்சி, அன்னைக்கு எண்ணின மாதிரியே ஒருவாட்டி எண்ணிக் காட்டுங்க."

வாஷரை இழுத்து விட்டாள். பென்சிலை முதலில் தாண்டிய நொடியிலேயே ஆச்சி ஆரம்பித்தார்கள். "லாபம்." போய்த் திரும்பி வந்தது. "ரெண்டு." இன்னொரு தடவை. "மூணு."

யாரும் பேசவில்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது.

"ஆச்சி, ஒண்ணு எங்க?"

"மொத மரக்காலை ஒண்ணுன்னா சொல்லுவாவ? களத்துல நின்னு ஒண்ணுன்னு எண்ணுனா வெளங்குமாட்டி?"

ஊசல் பென்சிலை முதலில் தாண்டும்போது பூஜ்யம். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் ஒன்று. ஆச்சி நெல் அளந்து பழகியவர்கள், அங்கே முதல் மரக்கால் கையிலேயே இருக்கிறது, அது லாபம். ஆக ஆச்சி பத்து என்றபோது முடிந்தது ஒன்பது ஆட்டம். ஒன்பது ஆட்டத்தின் நேரத்தைப் பத்தால் வகுத்தால் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு பங்கு குறையும். வர்க்கமாக்கினால் 0.81. 9.8-ஐ 0.81-ஆல் வகுத்துப் பாருங்கள், 12.1. பூமியின் ஈர்ப்பு 23 சதவீதம் கூடியதற்குக் காரணம் தாமிரபரணிக் கரையின் களத்துமேடு.

முப்பது அளவையும் மறுபடி எடுக்க நேரமில்லை. ஊசல் ஆடுகிற நேரம் மட்டும் கூட்டினால் எட்டு நிமிடம்தான், ஆனால் முடிச்சுப் போட, நீளம் பார்க்க, ஆட்டம் அடங்கக் காத்திருக்க என்று முக்கால் மணி நேரம் ஓடிவிடும். நல்லவேளை, அவள் தாளில் எழுதியிருந்தது வகுத்த விடையை இல்லை, ஸ்டாப்வாட்ச் காட்டிய மொத்த நேரத்தை. லேப் நோட்டில் கச்சா அளவை அப்படியே எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான். அட்டவணையில் 10 என்றிருந்த ஒரே ஒரு கட்டத்தை 9 என்று மாற்றினாள். 9.8 வந்து நின்றது.

மாற்றியதை மறைக்கக்கூடாது, ஏன் மாற்றினோம் என்று பிழைப் பகுதியில் எழுத வேண்டும். அதில் இன்னொரு வம்பு. 'மனிதத் தவறு' என்று எழுதினால் இந்த ஆசிரியர் மார்க் வெட்டுவார், எந்த மனிதர், எந்தத் தவறு, எந்தப் பக்கம் எவ்வளவு இழுத்தது என்று சொல்ல வேண்டும். நியாயம்தான். பதினைந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஒரு பிள்ளை மரக்காலையும் களத்துமேட்டையும் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தது. 'எண்ணுபவர் தொடக்கக் கணத்தை லாபம் என்று எண்ணினார். அவர் ஊரில் அதுவே முறை.' இந்த வரி அழியாமல் போய்ச் சேர்ந்தது.

11.54க்கு கிராஃபை ஃபோனில் படம் எடுத்து ஏற்றினால் வாங்க மறுத்தது. ஐஃபோன் படத்தை அதன் சொந்த வடிவத்தில் சேமிக்கும், கேன்வாஸில் பிடிஎஃப் மட்டும் என்று ஆசிரியர் பூட்டியிருந்தால் அது ஏறாது. நோட்ஸ் செயலியில் ஸ்கேன் செய்தால் நேராகவே பிடிஎஃப் ஆகிவிடும். ஏற்றிய பிறகு ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும், தலைகீழாகவோ காலிப் பக்கமாகவோ ஏறியிருந்தால் நமக்கு யாரும் சொல்லமாட்டார்கள். இன்னொன்று, டியூ டேட் வேறு, டெட்லைன் வேறு. முதலாவதைத் தாண்டினால் மார்க் கொஞ்சம் குறையும், இரண்டாவதைத் தாண்டினால் கதவு சாத்தியாச்சு. இது தெரியாமல் 12.01க்கு அழுகிற பிள்ளைகள் பேட்டைக்கு நாலு உண்டு.

11.58க்கு ஏறியது. "போட்டாச்சா?" என்றார்கள் ஆச்சி. போட்டாச்சு என்றதும் பாலை வைத்துவிட்டுப் படுக்கப் போனார்கள். பால் குடித்துக்கொண்டே பெரியவள் கால்குலஸைத் திறந்தாள்.

நூல் இன்னும் விளக்குக் கொக்கியில்தான் தொங்குகிறது, கழற்ற யாருக்கும் நேரமில்லை. வாஷரை எடுத்துவிட்டு ஆச்சி அதில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கட்டிவிட்டார்கள், மேசையில் வைத்தால் அடியில் கறுத்துப்போகிறதாம். அடுத்த லேப் சுருள்வில், அதிலும் பத்து ஆட்டம் எண்ண வேண்டும், 18ஆம் தேதி. ஆச்சிக்கு ஃபிளைட் 11ஆம் தேதி. இன்று காலை பஸ்ஸுக்கு ஓடுகிற ஓட்டத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே பெரியவள் கேட்டாள், டிக்கெட்டில் தேதி மாற்ற எவ்வளவு கேட்பார்கள் என்று.