அலேர் காட்டுக்குள் ஓர் இரும்பு ஊர்

நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் குடியேறிய புதிதில் எங்கள் வாரக்கடைசி என்றால் இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு, கோவில், நண்பர்கள் வீடு, அவ்வளவுதான். வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே கிடைப்பதால் வேறெங்கும் போகத் தோன்றாது. நியூ ஜெர்சி என் ஊராகத் தொடங்கியது அலேர் ஸ்டேட் பார்க்குக்குப் போன பிறகுதான். கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் தெற்கே போய் 98-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் பக்கம்.

மணல் தரை, பைனும் ஓக்கும் கலந்த காடு, ஓரமாக மனாஸ்குவான் ஆறு. மரங்களில் பூசியிருக்கும் வண்ணக் குறிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. ஓடைக்கரை ஒன்றில் சேறு செங்காவி நிறத்தில் இருந்தது. தண்ணீர்மேல் எண்ணெய் சிந்தியதுபோல் மெல்லிய பளபளப்பு. ஏதோ கழிவு கலந்திருக்கிறது என்று என் மகள் மூக்கைச் சுளித்தாள். கழிவு இல்லை, இரும்பு. நிலத்தடி நீரில் கரைந்து வரும் இரும்பு, காற்றுப் பட்டதும் பாக்டீரியாவின் உதவியோடு துருவாகிப் படிகிறது. காலப்போக்கில் அது இறுகிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டிகளைத் தோண்டித்தான் இங்கே இரும்பு காய்ச்சினார்கள்.

ஜேம்ஸ் அலேர் 1822-ல் இந்த இடத்தை வாங்கினார். நியூயார்க்கில் நீராவி எஞ்சின் பட்டறை வைத்திருந்தவர். 1819-ல் அட்லாண்டிக்கைக் கடந்த சவானா கப்பலின் எஞ்சின் சிலிண்டரை வார்த்தது அவருடைய பட்டறைதான். பட்டறைக்கு இரும்பு வேண்டும், இரும்புக்கு உலை, உலைக்குக் கரி. அதற்காகச் சுற்றியிருந்த காட்டை வெட்டினார்கள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே நாள்கணக்கில் புகையவிட்டுக் கரியாக்கினார்கள். எங்கள் ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தில் போடுகிற அதே கரிமூட்டம்! பார்க்கில் இதைப் பற்றி வாசித்தபோது ஊர்ப் புகையின் நெடியே மூக்கில் ஏறியது.

உலையைச் சுற்றி அமைந்த ஹோவெல் வொர்க்ஸ் என்ற ஊரில் நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்தார்கள். தேவாலயம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெரிய கடை எல்லாம் உண்டு. ஊருக்கென்று தனிப் பண நோட்டே அச்சடித்தார் அலேர். அதைக் கூலியாக வாங்கி அவர் கடையிலேயே செலவழிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வைத்தவர் என்று அவரைப் பாராட்டலாம், ஆனால் இந்த நோட்டு விஷயம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. முதலாளி அசைந்தால் குடும்பமே அசைகிற நிலை. விசாவில் வேலை பார்க்கிற நமக்கு அது புரியாதா என்ன?

பென்சில்வேனியாவில் நிலக்கரியும் நல்ல தாதுவும் மலிவாகக் கிடைக்கவே, 1840-களின் பிற்பகுதிக்குள் இங்கே உலை அணைந்தது. ஊர் காலியானது. பின்னால் பத்திரிகையாளர் ஆர்தர் பிரிஸ்பேனிடம் வந்த இந்த நிலத்தை, அவர் குடும்பம் 1940-களில் மாநிலத்துக்குக் கொடுத்தது. செங்கல் உலையின் கோபுரம் இன்னும் நிற்கிறது. ஆதிகாலத்துக் காடு என்று நினைத்து நான் நடந்த இடத்தில் எவ்வளவோ மரம், கரிக்காக வெட்டிய பிறகு தானே முளைத்து வளர்ந்தது. அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து இந்தக் காட்டின்மேல் தனிப் பிரியம்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பழைய குறுகிய பாதை ரயிலையும் பார்த்துவிடுங்கள். இரவு தங்கக் கூடாரம் போடும் இடங்களும், வட்டமான யர்ட் குடில்களும் இருக்கின்றன. கோடை வாரக்கடைசிக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். விறகைப் பக்கத்திலேயே வாங்குங்கள். தூரத்திலிருந்து கொண்டுபோனால் மரத்தைத் தின்னும் பூச்சிகளும் கூடவே போகும். புளியோதரை, தயிர்சாதம் எதுவானாலும் ராத்திரி காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள், ராத்திரியில் உணவு தேடி வரும் ரக்கூன் என்ற சிறு விலங்கு விடாது. எல்லாவற்றையும்விட முக்கியம் உண்ணி. லைம் நோயைப் பரப்புகிற மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் என்று பிள்ளைகளை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டே தூங்க வையுங்கள்.