கரிமூட்டக் காட்டில் ஒரு நாள்

ஆகஸ்ட் கடைசி வாரம், காலை ஏழு மணி. குளோட்டன் கிராமத்தின் ஏரியில் ஆவி கலையவே இல்லை. கூடாரம், தூங்கும் பை, இரண்டு நாள் சாப்பாடு எல்லாம் சேர்ந்து முதுகில் பன்னிரண்டு கிலோ. துணைக்கு யாரும் இல்லை.

நடு ஸ்வீடனில், ஓரேப்ரோ மாகாணத்தின் வழியாக வடக்கிலிருந்து தெற்காக ஓடும் பெர்க்ஸ்லாக்ஸ்லேடன் என்ற நடைபாதை இங்கேதான் தொடங்குகிறது. மொத்தம் 280 கிலோமீட்டர், 17 பகுதிகள். நான் நடக்க வந்தது முதல் பகுதியை மட்டும். மரத்துக்கு மரம் ஆரஞ்சு நிறத்தில் அடையாளம் போட்டிருக்கிறார்கள். ஒன்றைத் தாண்டியதும் கண் தானாக அடுத்ததைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

முதல் இரண்டு மணி நேரம் ஸ்ப்ரூஸ், பைன் மரங்கள்தான். தரை முழுக்கப் பாசி. கால் வைத்தால் சத்தமே வராது. சதுப்பு வரும் இடங்களில் பலகை போட்டிருக்கிறார்கள். ஈரப் பலகையில் ஒருமுறை வழுக்கி, ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது. காலுறையைப் பிழிந்து பையில் தொங்கவிட்டு நடந்தேன்.

வழியெல்லாம் புளூபெர்ரி. பறித்துச் சாப்பிட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 'அல்லேமான்ஸ்ரெத்தன்' என்று ஓர் உரிமை இங்கே உண்டு. அடுத்தவர் காடாக இருந்தாலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம். வீட்டுக்குப் பக்கத்திலும் பயிர் நிலத்திலும் மட்டும் கூடாது. காலங்காலமாக இருந்த வழக்கம், 1994-ல் அரசியலமைப்பிலும் ஏறியது. யாரையும் தொந்தரவு செய்யாதே, எதையும் பாழாக்காதே: கேட்பது இவ்வளவுதான். முன்பின் தெரியாத என்னை நம்பி ஒரு நாடு தன் காட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்ற நினைப்பு நாள் முழுக்க என்னோடு வந்தது. ஒரு மிட்டாய்த் தாளைக்கூடக் கீழே விட மனம் வராது.

மதியம் ஓரிடத்தில் காட்டின் நடுவே வட்டமாக ஒரு சமதளம், சுற்றிலும் ஆழமில்லாத பள்ளம். குச்சியால் கிளறினால் மண் கறுப்பு. பழைய கரிமூட்டத் தடம்! நம் ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவார்களே, அதே வேலைதான். இங்கே கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி, ஸ்ப்ரூஸ் தழை போட்டு, மேலே மண்ணும் கரித்தூளும் மூடுவார்கள். பெர்க்ஸ்லாகன் என்ற இந்த வட்டாரம் இரும்புச் சுரங்கப் பகுதி. உலைகளுக்கு மலைமலையாகக் கரி வேண்டியிருந்தது. காற்று அதிகம் புகுந்தால் மொத்தமும் எரிந்து சாம்பலாகிவிடும் என்பதால், கரி போடுகிறவர் பக்கத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் இரவும் பகலும் காவல் இருந்தார். மாவையும் தண்ணீரையும் கரைத்து, உப்பிட்ட பன்றிக்கொழுப்பில் தடிமனாகச் சுடும் 'கோல்புல்லே' அவர்கள் சாப்பாடு.

அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துதான் என் ரொட்டியைச் சாப்பிட்டேன். அதற்கு முன் நான் தனியாக நடப்பது பெரிய விஷயமாகப் பட்டது. உறங்காமல் ஒரு புகையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் தனிமை வேறு மாதிரி. நான் விரும்பி வந்தவன். அவர் பிழைப்புக்கு வந்தவர். கைபேசியில் சிக்னல் இல்லாததைப் பற்றி அப்புறம் நான் கவலைப்படவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஒரு சாய்ப்புக் குடில். மூன்று பக்கம் மரச்சுவர், ஒரு பக்கம் திறப்பு, முன்னால் நெருப்பு மூட்டக் கல்வட்டம். பக்கத்திலேயே விறகும் இருந்தது. தண்ணீர் காய்ச்சி, நூடுல்ஸ் போட்டு, அப்படியே ஏரியைப் பார்த்தபடி இருந்தேன். எட்டு மணி தாண்டி இருட்டும்போது, எதிர்க்கரையிலிருந்து கறுப்புத்தொண்டை லூன் என்ற நீர்ப்பறவை ஒன்று நீளமாக அழுவதுபோலக் கூப்பிட்டது. முதல் தடவை உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த குரலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

படுக்குமுன் நெருப்பில் ஏரித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். இருந்தாலும் இரவில் இரண்டு முறை எழுந்துபோய், சாம்பலில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.