மார்கழியிலிருந்து பின்னால் எண்ணி ஒரு ப்ரோக்கோலி

செப்டம்பர் 28

இன்று குழித்தட்டில் 20 ப்ரோக்கோலி விதை போட்டேன். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பக்கத்தில் வந்து நின்று, "ஆடிப்பட்டந்தான தேடி விதைப்பாங்க, நீ என்ன கண்ணு புரட்டாசில போடறே?" என்றார். குளிர்காலக் காய் அம்மிச்சி, இதற்குப் பட்டமே வேறு என்றேன்.

போன வருடம் தையில் விதைத்தேன். செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனால் பூ வைக்கும்போது பங்குனி வெயில் வந்துவிட்டது. கோலிக்குண்டு அளவில் நின்ற மொட்டு இரண்டே நாளில் மஞ்சளாகப் பூத்துப் போனது. மூன்று மாத உழைப்பு. மனசு ஆறவே இல்லை.

அதனால் இந்தத் தடவை பின்னாலிருந்து எண்ணினேன். பூ திரள 15 முதல் 20 டிகிரி இருந்தால் நல்லது. பொள்ளாச்சிப் பகலில் அது கிடைக்காது, மார்கழி ராத்திரியில்தான் ஓரளவு கிடைக்கும். நாற்றுக்கு ஒரு மாதம், நட்ட பிறகு 60 முதல் 80 நாள். அப்படியென்றால் புரட்டாசியில் விதைத்தாக வேண்டும். வெயில் தாங்கும், சீக்கிரம் அறுப்புக்கு வரும் ரகமாகக் கேட்டு வாங்கினேன்.

அக்டோபர் 4

17 முளைத்துவிட்டன. நிழலிலேயே வைத்தால் தண்டு நூலாக நீளும். காலை வெயில் படும் திண்ணைக்கு மாற்றினேன்.

அக்டோபர் 12

பாத்தி தயார். செம்மண், மக்கின தொழுவுரம், கொஞ்சம் மண்புழு உரம். சுற்றிலும் ஒரு வரிசை கடுகு தூவினேன். முட்டைக்கோஸ் வகையைத் தேடிவரும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்குக் கடுகு இன்னும் பிடிக்கும், அதில்தான் முதலில் முட்டை வைக்கும்.

அக்டோபர் 30

நாற்றில் ஐந்து இலை. இதற்கு மேல் தட்டில் வைத்திருந்தால் வேர் சுருண்டு, பிறகு பூ சிறுத்துவிடும். சாயங்காலமாக ஒன்றரை அடி இடைவெளியில் நட்டேன். மழைக்காலம் என்பதால் பாத்தியை அரை அடி மேடாக்கியிருக்கிறேன். தண்ணீர் நின்றால் வேர் அழுகும்.

நவம்பர் 19

கடுகில் ஓட்டை ஓட்டையாக இலை. புழு மெலிசாக, பச்சையாக இருக்கிறது. தொட்டால் துள்ளி, நூலில் தொங்குகிறது. அந்தக் கடுகுச் செடிகளைப் பிடுங்கி அழித்தேன். ப்ரோக்கோலியிலும் நாலைந்து இருந்தன, கையால் எடுத்துவிட்டேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து பொழுது சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தேன். வாரம் ஒரு தடவை தொடர வேண்டும். நாம் சாப்பிடப் போவது பூவை, அதில் விஷ மருந்து படுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

டிசம்பர் 3

கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றினேன். வேருக்கு மேல் தென்னை மட்டைத் தூளைப் பரப்பினேன், மண் குளுமையாக இருக்கட்டும்.

டிசம்பர் 17

மார்கழி இரண்டாம் நாள். நடு இலைகளை விலக்கிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவில் பச்சை மொட்டு! அம்மிச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, காலிபிளவரு குட்டியாட்ட இருக்குதே" என்றார். இந்த நாட்களில் மண் காயவே கூடாது. காய்ந்தால் பூ கெட்டியாகாது.

ஜனவரி 5

நட்ட 67ஆம் நாள், முதல் அறுப்பு. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன். பூ உள்ளங்கையை விடப் பெரிதாக, மொட்டுகள் நெருக்கமாக இருக்கும்போதே வெட்ட வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருந்தால் மஞ்சள் தட்டிவிடும். அரை அடித் தண்டோடு சாய்வாக வெட்டினேன், வெட்டுவாயில் தண்ணீர் தேங்காது.

மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தேன், ஒளிந்திருந்த இரண்டு புழு மேலே வந்தன. தேங்காய்ப் பூ போட்டுப் பொரியல். தண்டையும் தோல் சீவிச் சேர்த்தேன், அதுதான் இனிப்பு.

ஜனவரி 24

வெட்டின செடியைப் பிடுங்கவில்லை. பக்கக் கணுக்களில் எலுமிச்சை அளவில் குட்டிப் பூக்கள் வந்திருக்கின்றன. இன்று ஒரு கிண்ணம் நிறையக் கிடைத்தது. மாசி வெயில் ஏறியதும் செடிகளை எடுத்துவிட்டு அந்தப் பாத்தியில் கொத்தவரை. முட்டைக்கோஸ், காலிபிளவர், நூக்கல் எதையும் உடனே அங்கே வைக்கப் போவதில்லை. எல்லாம் ஒரே குடும்பம், அதே புழு அங்கேயே தங்கிவிடும்.