பால்கனி மண்புழு உரத் தொட்டி: 60 நாள் குறிப்பு

தொட்டி 40 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அடியில் 6 மி.மீ. துளை பத்து, மேல்விளிம்பை ஒட்டி இன்னொரு பத்து, எல்லாவற்றுக்கும் உள்பக்கம் நைலான் கொசுவலை. நான்கு கிண்ணத்தில் தண்ணீர், அதில் கல், கல்மேல் தொட்டி, இது எறும்பைத் தடுக்க. கொசு பெருகாமலிருக்க மூன்று நாளுக்கொருமுறை அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

படுக்கை 15 செ.மீ.: இரண்டுமுறை அலசி உப்பு போக்கிய தேங்காய் நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், ஆறிய மாட்டுச்சாணம். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் விழவேண்டும். புழு 250 கிராம், ஆப்பிரிக்க வகை (யூட்ரிலஸ்). நம்மூர்ச் சூட்டுக்கு ஐசீனியா என்ற சிவப்புப் புழுவைவிட இதுவே தோது.

நாள் 2: மூடியின் அடியில் இருபது புழு. மூடியை இறுக்கினால் உள்ளேயே சாகும், அவ்வளவுதான். படுக்கைக்குள் கைவிட்டபோது வெதுவெதுப்பு. ஆறியதென்று போட்ட சாணம் பத்து நாள்கூட ஆறாதது. அதை எடுத்துவிட்டு இருபது நாள் ஆறியதைச் சேர்த்தாயிற்று. மூன்று இரவு மேலே விளக்கு எரிந்தது. வெளிச்சத்துக்குப் புழு மேலே வராது.

முதல் இரண்டு வாரம் நாளுக்கு 60 கிராம் காய்கறித் தோல், தினம் ஒரு மூலையில் புதைத்து. பிறகு 125 கிராம், அதாவது புழு எடையில் பாதி.

நாள் 18: புளித்த வாடை, நூல்போல வெள்ளைப் புழுக்கள். மிச்சச் சோறும் அன்னாசித் தோலும் போட்டதன் பலன். வெள்ளைப் புழு கெடுதல் செய்யாது, படுக்கை புளித்திருப்பதைச் சொல்கிறது. ஐந்து நாள் தீனி நிறுத்தம், இரண்டு கைப்பிடி உலர்ந்த அட்டைத்துண்டு, புளிப்பைத் தணிக்க ஒரு கரண்டி முட்டையோட்டுத் தூள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடுகிறவர்கள் உண்டு. அது புழுவின் தோலைப் பொசுக்கும்.

நாள் 31: உள்ளே 34 டிகிரி, புழுக்கள் ஒரு மூலையில் பந்தாகத் திரண்டிருந்தன. தண்ணீர் ஊற்றுவது பெரிய தப்பு. புழுவுக்குத் தோல்தான் மூச்சு, படுக்கை சொதசொதத்தால் காற்று கிடைக்காது. தொட்டியை நிழலுக்கு மாற்றி, மேல்துளைகளை மறைக்காமல் ஈரச்சாக்கு போர்த்தியதில் இரண்டு நாளில் பரவிவிட்டன.

நாள் 50 முதல் தீனி இடப்பக்கம் மட்டும். பத்து நாளில் பெரும்பாலான புழு அங்கே போய்விட்டதால் வலப்பக்க உரத்தை அள்ளிச் சலிக்க முடிந்தது. சல்லடையில் தங்கிய மிளகளவுப் பழுப்பு உருண்டைகள் முட்டைக்கூடுகள். அவை திரும்பத் தொட்டிக்குள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கிய வடிநீர் மண்புழுக் குளியல்நீர் (இலையில் தெளிக்கும் வெர்மிவாஷ்) அல்ல, இலையில் தெளிக்கக் கூடாது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடி வேருக்கு மட்டும்.